உப்புவெளி மணலில் ஒரு தோட்டம்: ஆவணியில் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: "நாங்கள் இருவரும் அட்டனில் பிறந்து வளர்ந்தவர்கள். இடமாற்றம் கிடைத்து வந்து, திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் 18 பேர்ச் வளவில் வீடு கட்டிக் குடியேறிவிட்டோம். கடல் முந்நூறு மீற்றர் தூரத்தில். சித்திரையில் முன்பக்கம் முழுக்கப் புல் பதித்தோம். ரோசா, கறிவேப்பிலை, கத்தரி எல்லாம் நட்டோம். ஆடி முடிவதற்குள் எல்லாம் கருகிவிட்டன. கிணறு இருக்கிறது. கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. சனி, ஞாயிறுகளில் நாங்களே செய்ய வேண்டும். புல்வெளி, நடைபாதை, மாலையில் உட்கார ஓர் இடம், கொஞ்சம் மரக்கறி. எங்கிருந்து தொடங்குவது?"

உங்கள் கையில் பிழையில்லை, மாதத்தில்தான் பிழை. அட்டனில் சித்திரை இடிமழைக்கு ஒரு கன்றை ஊன்றிவிட்டால், வைகாசி கடந்ததும் தென்மேற்குப் பருவமழை வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் காற்றே மலைநாட்டில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையிறங்கும்போது சூடேறி, வெறுங்கையோடு எங்களிடம் வந்து சேர்கிறது. அதற்குத்தான் இங்கே கச்சான் என்று பெயர். உங்கள் பழைய வீட்டுக் கூரையில் மழை பெய்வித்த காற்று இங்கே உங்கள் ரோசாவைக் கருக்கிவிட்டது. (வறுத்துத் தின்னும் கச்சானை நினைத்துக் குழம்ப வேண்டாம்; அது வேறு கதை.)

திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் விழுந்து, மணலுக்குள் இறங்கி, கடலுக்குப் போய்விடுகிறது. தை கழிந்தால் வெயில்தான். இடையில் ஓரிரு இடிமழை வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். அதை நம்பி யாரும் நடுவதில்லை, உங்களைப் போலப் புதிதாக வருகிறவர்களைத் தவிர.

பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வருகிற வீட்டுத்தோட்ட அறிவுரை பெரும்பாலும் கொழும்பு மழையைப் பார்த்துச் சொல்லப்படுவது. 2022 ஜூனில், உணவுத் தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நல்ல நோக்கந்தான். எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டு வீடுகளில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஆனால் இங்கே ஆண்டிலேயே மிக வறண்ட மாதங்களில் ஒன்று ஜூன். ஓகஸ்ட் முடிவதற்குள் பாத்திகளெல்லாம் பூனை படுக்கிற இடங்களாகிவிட்டன. அவற்றில் என்னுடையதும் ஒன்று. இத்தனைக்கும் நான் இந்த ஊரிலேயே பிறந்தவன்.

ஆகவே ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே தோட்டத்துக்குப் புத்தாண்டு சித்திரையில் இல்லை, புரட்டாசியில். நீங்கள் ஆவணியில் கேட்டது நல்லதாயிற்று. மழைக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. அந்த வாரங்களில் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள். காற்றை மறிக்கவும், வரப்போகிற மழையைப் பிடித்து வைக்கவும்தான் இப்போது வேலை.

முதலில் காற்று. உங்கள் வளவு 18 பேர்ச் என்றால் 4,900 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு எழுபது அடி. மேற்கும் தென்மேற்கும் திறந்திருந்தால் கச்சான் நேரே உள்ளே வரும். எல்லோரும் உடனே நினைப்பது மதில். மதிலில் மோதும் காற்று மேலேறித் தாவி, உள்ளே சுழன்று விழும். மதிலுக்குச் சற்றுத் தள்ளி நட்ட வாழையின் இலை நார் நாராகக் கிழிந்திருப்பதை இந்த ஊரில் எத்தனையோ வளவுகளில் பார்க்கலாம். காற்றில் பாதியை உள்ளே விட்டு மீதியைத் தடுக்கிற வேலிதான் நல்ல வேலி. அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். ஆறடி வேலி அறுபதடிக்குக் காவல். உங்கள் வளவு கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. மதிலுக்குச் சீமெந்து வாங்குகிற காசை மிச்சப்படுத்துங்கள்.

இப்போதைக்கு மேற்குப் பக்கம் மட்டும் கிடுகு வேலி கட்டுங்கள். ஒற்றைக் கிடுகாக, மேலொன்று கீழொன்று அதிகம் ஏறாமல், இடையில் வெளிச்சம் தெரியக் கட்ட வேண்டும். கட்டுக் கம்பி வேண்டாம். கடற்காற்றில் இரண்டு வருடத்தில் கறள் பிடித்து இற்றுவிடும். மீனவர்கள் பாவிக்கிற நைலோன் கயிற்றுத் துண்டு நீடிக்கும். கிடுகும் இரண்டு வருடத்துக்குமேல் நிற்காது, கறையான் ஏறினால் அதற்கு முன்பே விழும். அதற்குள் பின்னால் உயிர்வேலி எழுந்துவிட வேண்டும்.

உயிர்வேலிக்குப் பூவரசும் கிளிசரியாவும். பூவரசு கடற்கரைக்கென்றே படைத்த மரம். உப்புக் காற்றுக்கு அஞ்சாது. கிளிசரியா விரைவாக எழும். அதன் குழை நல்ல தழைப்பசளை. மணிக்கட்டுப் பருமனில், ஐந்தாறு அடி நீளத்தில் கதியால் வெட்டி, அடிப்பக்கம் சரிவாகச் சீவி, சில நாள் நிழலில் கிடத்தி வைத்து, ஒக்டோபரில் நல்ல மழை இரண்டு விழுந்த பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். அலவாங்கால் குழி குத்திவிட்டுக் கதியாலை இறக்க வேண்டும். மேலே நின்று சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்து, தளிர்விடாமல் காய்ந்த தடியாகவே நிற்கும். இப்போது ஆவணியிலேயே ஊன்றிவிடலாமா என்று ஆசை வரும். வேண்டாம்.

அடுத்தது கிணறு. உங்கள் ஊரின் பெயரையே கொஞ்சம் நின்று படியுங்கள். உப்புவெளி என்று சும்மா வைத்திருக்க மாட்டார்கள். கரையோர மணலுக்குள் நன்னீர், கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது, மோரின்மேல் வெண்ணெய் மிதப்பதுபோல. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால்தான் பயம் தெரியும்: மோட்டரைப் போட்டு ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உவர் மேலே வரத் தொடங்குகிறது. இன்று போட்டால் இன்றே தெரியாது. சில நாள் கழித்துப் போஞ்சி இலையின் ஓரம் பழுப்பாகும்போதுதான் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர் ஆடி மாதம், தண்ணீர் வற்றிக் கிடக்கிறதே, இதுதான் கிணறு இறைத்துச் சேறு எடுக்க நல்ல சமயம் என்று பெரிய பம்பியை வாடகைக்கு எடுத்துவந்து அடிமணல் தெரிய இறைத்தேன். சேறு போயிற்று. கூடவே நல்ல தண்ணீரும் போயிற்று. பிறகு ஊறியது வாயில் வைக்க முடியாத உவர். கார்த்திகை மழை வந்துதான் பழையபடி ஆனது. அதற்குள் இரண்டு தேசி மரம் போய்விட்டது. கரையோரக் கிணற்றைக் கோடையில் அடியோடு இறைக்கக் கூடாது. மோட்டரைக் காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் என்று பிரித்துப் போடுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் போடாதீர்கள்.

தண்ணீரை ஒருமுறை அளந்துவிடுவதும் நல்லது. தண்ணீரின் உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துதிறனை அளக்கிற சிறிய கருவி, பேனா அளவில், கடைகளில் கிடைக்கிறது. சென்றிமீற்றருக்கு 700 மைக்ரோசீமனுக்குக் கீழே காட்டினால் எதையும் நடலாம். 3,000 ஐத் தாண்டினால் மரக்கறியை மறந்துவிட்டுத் தென்னையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இடையில் இருந்தால் போஞ்சியைக் கைவிடுங்கள், தக்காளியை யோசித்து நடுங்கள், பீற்றூட்டும் கீரையும் தாங்கும். ஆவணியில் ஒருமுறை, தையில் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் கிணற்றின் குணம்.

அந்த எண்ணைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: கூரை. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். சிந்தியது தெறித்தது போக 7,000 தேறும். மாரியில் அப்படிப் பத்து மழைக்குச் சமமாக விழும். இப்போது அது பீலியில்லாமல் சுவரோரம் கொட்டி ஒழுங்கைக்கு ஓடுகிறது, இல்லையா? பீலி கட்டுங்கள். கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி, மலசலகூடக் குழிக்கு எதிர்ப்பக்கமாக, நான்கடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி. அடியில் கருங்கல், நடுவில் சல்லி, மேலே மணல். பீலித் தண்ணீரை அதற்குள் விடுங்கள். மழைக்காலத்தின் முதல் மழையை மட்டும் வெளியே திருப்பிவிட வேண்டும். அது காகம் எட்டு மாதமாகக் கூரையில் சேர்த்து வைத்ததைக் கழுவிக்கொண்டு வரும். இந்தக் குழியை வெட்ட மணலில் ஒரு சனிக்கிழமை போதும். உங்கள் வளவில் நீங்கள் செய்யப்போகிற வேலைகளில் இதைவிடப் பெறுமதியானது வேறில்லை, ஆனால் படம் எடுத்து யாருக்கும் அனுப்பும்படியாக இருக்காது.

மண்ணுக்கு வருவோம். கடற்கரை மணல் சல்லடை. விட்ட தண்ணீரையும் போட்ட பசளையையும் கீழே அனுப்பிவிடும். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒரு டிப்பர் செம்மண். கந்தளாய்ப் பக்கத்திலிருந்தும் தம்பலகாமத்துப் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து பறிப்பார்கள். நான் வேண்டாம் என்கிறேன், அல்லது பார்த்து வாங்கச் சொல்கிறேன். அந்த மண்ணோடு கோரைக்கிழங்கு வந்துவிட்டால் பிறகு உங்களுக்கும் கோரைக்கும் ஆயுள் முழுக்க வழக்குத்தான். பறிப்பதற்கு முன் ஒரு கூடை மண்ணை அள்ளிச் சாக்கில் கொட்டி விரலால் கிளறிப் பாருங்கள். கறுப்பாக, நிலக்கடலைப் பருமனில், நாரோடு உருண்டை தென்பட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மணலுக்குச் செம்மண்ணைவிடப் பொச்சுமட்டை நல்லது. தேங்காய் உரித்த மட்டையை எறியாமல் சேருங்கள். அயலவர்களிடமும் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள். மரம் நடப்போகும் இடங்களில் மூன்றடிக் குழி வெட்டி, அடியில் இரண்டு வரிசை மட்டையை உட்புறம் மேல்நோக்கியிருக்க, கிண்ணம்போல் அடுக்கி, வரிசைகளுக்கு இடையில் மண்ணிடுங்கள். மாரியில் குடித்த தண்ணீரை மட்டை கோடையில் கொஞ்சங்கொஞ்சமாக விடும். தென்னைக்குச் செய்கிற முறைதான்; மாவுக்கும் மாதுளைக்கும் தேசிக்கும் நான் இதையே செய்கிறேன். பாத்திகளுக்குத் தும்புத் தூள். அது தன் எடையைப் போல் ஆறேழு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். ஆனால் உவர் நீரில் ஊறிய மட்டையின் தூளாக இருக்கலாம். சாக்கோடு இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி எடுத்த பிறகே மண்ணில் கலக்க வேண்டும். கூடவே ஆட்டெருவோ மாட்டெருவோ, நன்றாக மக்கியது. சருகை மாலையில் கூட்டிக் கொளுத்துகிற பழக்கம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. நீங்கள் அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். வேலியோரம் ஒரு முழ ஆழத்தில் கான் வெட்டிச் சருகு, குழை, சமையற்கட்டுக் கழிவு எல்லாவற்றையும் போட்டு மூடுங்கள். அடுத்த புரட்டாசியில் அது மண்.

இனிப் புல்வெளி. இதில் உங்களுக்குக் கசப்பான பதில்தான் வைத்திருக்கிறேன். கோடையில் இங்கே ஒரு சதுர மீற்றர் புல்லுக்கு நாளுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். 1,000 சதுர அடிப் புல்வெளிக்கு 460 லீற்றருக்கு மேல், ஒவ்வொரு நாளும், எட்டு மாதம். அந்தத் தண்ணீர் உங்கள் கிணற்றிலிருந்து வர வேண்டும். கிணற்றின் கதையை மேலே சொல்லிவிட்டேன். மலேசியன் புல் என்று விற்கிறார்களே, அது ஈரமும் நிழலும் விரும்புகிற புல்; உங்கள் அட்டனில் கேட்காமலே வளரும். இங்கே வேண்டுமானால் விறாந்தைக்கு முன்னால், வீட்டின் நிழல் பிற்பகலில் விழுகிற பக்கத்தில், பாய் விரிக்கிற அளவுக்கு, 150 சதுர அடி, அறுகம்புல். அதற்கு ஏழு வாளித் தண்ணீர் போதும். குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் கிணற்றுக்கு அந்தச் சுமையும் கொஞ்சம் குறையும்.

மீதி நிலத்தை என்ன செய்வது? வெண்மணல் முற்றமாக விடுங்கள். இதை ஏழைமை என்று நினைக்க வேண்டாம். இந்தக் கரையில் பழைய வீடுகளுக்கு முன்னால் புல் இருந்ததில்லை, மணல்தான் இருந்தது. விடியற்காலையில் என் அம்மம்மா தண்ணீர் தெளித்துவிட்டு, வாசற்படியிலிருந்து பின்னோக்கி நடந்தபடியே ஈர்க்குமாற்றால் பிறைபிறையாகக் கூட்டிக்கொண்டு படலை வரைக்கும் போவார். தன் காலடி அதில் விழக்கூடாது. சூரியன் ஏறும்போது அந்தப் பிறைகளின் ஒரு பக்கம் மட்டும் நிழலோடிக் கிடக்கும். யார் முதலில் மிதிக்கிறார் என்று பார்த்து, "வந்தவன் மீன்காரன், வெறுங்காலோடு வந்திருக்கிறான்" என்று உள்ளேயிருந்தே சொல்வார். பாம்பு, நட்டுவக்காலி வந்தாலும் தெரிந்துவிடும். மழை எவ்வளவு கொட்டினாலும் தேங்காது. வெயிலில் சுடும், அது உண்மை. அதனால்தான் நிழல் வேண்டும்.

படலைக்கு வெளியே, ஒழுங்கையோரத்து மணலில் அடம்பன் கொடியை விடுங்கள். கடற்கரையில் தானாகவே படர்ந்து கிடப்பதில் ஒரு முழத் துண்டு போதும். ஊதா நிறத்தில் பூக்கும், தண்ணீர் கேட்காது, மணலைக் காற்று அள்ளவிடாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை.

பூச்செடிகளில் ரோசாவை மறக்கச் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டைச் சாடியில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. இவற்றில் எதற்கும் நீங்கள் தாதி வேலை பார்க்க வேண்டியதில்லை. அலரி மட்டும் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம், முழுச்செடியும் நஞ்சு. கோயிலுக்குப் பூக் கொடுக்கிற ஈழத்தலரியும் நல்ல தெரிவு. கிளையை ஒடித்து ஒரு வாரம் பால் வற்றவிட்டு ஊன்றினால் போதும். பெயரில் ஈழம் இருந்தாலும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வந்த ஊர் எதுவென்று மரத்துக்கு நினைவில்லை. உங்களுக்கும் நாளடைவில் அப்படித்தான் ஆகும்.

நடைபாதைக்கு இன்டர்லொக் கல் வாங்க வேண்டாம். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல், உடைந்த ஓடு கிடக்குமே, அதுவே போதும். இரண்டரை அடி அகலத்துக்கு நூல் பிடித்து, ஆறங்குலம் தோண்டி, அடியில் இரண்டங்குலம் கிறவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். அதன்மேல் ஓரங்குலம் மணல், அதன்மேல் கல். மணல் நிலத்தில் பாதை நடுவில் தாழாது, ஓரத்தில்தான் விரியும். ஆகவே இரண்டு ஓரங்களிலும் கற்களைக் குத்துக்கல்லாக நட்டு இறுக்குங்கள். கடற்கரை மணலையும் பவளக்கல்லையும் அள்ளிவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பவளக்கல் எடுப்பது கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், மணலில் உப்பு.

பாத்திக்கு வரம்பாக வெற்றுப் போத்தல்களைத் தலைகீழாக நடுவது இங்கே பழைய அழகு. எனக்கும் பிடிக்கும். ஆனால் போத்தலின் அடி உள்வாங்கியிருக்கும். கவிழ்த்து நட்டால் அந்தக் குழியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு அதையும் விடாது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்கள் அந்தத் தேக்கரண்டியை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நட்டே தீர வேண்டுமென்றால் குழிகளைச் சீமெந்தால் நிரப்பிவிடுங்கள்.

உட்காரும் இடத்தை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வீட்டின் நிழல் அங்கே விழும், கடற்காற்றும் வரும். ஒரு வேம்போ நாவலோ நடுங்கள், ஆனால் அது நிழல் தர ஆறேழு வருடம். அதுவரை பந்தல். இரும்புக் குழாய் கறள் பிடிக்கும். பனை அல்லது தென்னஞ் சலாகை நாட்டி, எட்டடிக்கு எட்டடிப் பந்தல் போட்டு, மார்கழிக் கடைசியில் ஒரு பக்கம் புடோல், மறுபக்கம் பாகல் ஏற்றுங்கள். தலைக்கு மேலே தொங்கும் புடோலங்காய் நேராக வளர நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டிவிடுவார்கள். வருகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்வதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

மரக்கறிக்கு இரண்டு காலம், இரண்டு வகைப் பாத்தி. செப்டெம்பர் நடுவில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுப் போடுங்கள், நாலைந்து வாரத்தில் ஒக்டோபர் மழைக்கு நடக் கையில் கன்று இருக்கும். அப்போது பாத்தி மேடாக இருக்க வேண்டும், ஒன்பது அங்குலம். கார்த்திகை மழையில் தாழ்ந்த பாத்தியில் வேர் அழுகும். தையில் மழை ஓய்ந்ததும் வெண்டி, பயற்றை, பூசணி விதையுங்கள், இவற்றுக்குப் பாத்தி தரையைவிட அரை அடி தாழ்ந்திருக்க வேண்டும். பலகை அடித்து உயர்த்திய பாத்திகளைப் படங்களில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். மழை மிகுந்த குளிர்நாட்டுக்கு அது பொருந்தும். இங்கே கச்சான் காலத்தில் உயர்ந்த பாத்தி நான்கு பக்கமும் காய்கிற அப்பளம்.

கோடையிலும் நாலு மிளகாய்ச் செடியை உயிரோடு வைத்திருக்க ஒரு வழி சொல்கிறேன், இந்த மாவட்டத்துக்கென்றே அமைந்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற எருமைத் தயிர் வாங்குகிறீர்கள் அல்லவா? சட்டி என்ன ஆகிறது? எல்லா வீட்டிலும் குசினிக்குப் பின்னால் ஐந்தாறு கவிழ்ந்து கிடக்கும். அந்தச் சட்டியின் மண் சுவர் தண்ணீரைக் கசியவிடும். காய்ந்த மணல் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் புதிதாகக் காலியான சட்டி கசியாது, தயிரின் கொழுப்பு துவாரங்களை அடைத்திருக்கும். அடுப்புச் சாம்பலும் தும்பும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாளின்மேல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளில் வட்டமாக ஈரம் தெரிந்தால் சட்டி தயார். தெரியாவிட்டால் இன்னொரு தடவை சாம்பல். சட்டியை வாய் மட்டும் வெளியே தெரியப் பாத்தியின் நடுவில் புதைத்து, சுற்றிலும் ஒரு சாண் தள்ளி நான்கு கன்றுகள். வாயை ஓட்டுத்துண்டால் இடைவெளியில்லாமல் மூட வேண்டும், நுளம்புக்காகவும் ஆவியாவதற்காகவும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். நடுப்பகலில் ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் சுற்றியுள்ள மணலின் மேற்பரப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும், விரலை ஓர் அங்குலம் விட்டால் குளிரும். செடி தன் வேரைச் சட்டியைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். பருவம் முடிந்து பிடுங்கும்போது சட்டி ஒரு நார்ப்பைக்குள் இருந்து வருவதுபோல் வரும்.

பூச்சிகளைப் பற்றி நீட்ட மாட்டேன். கத்தரியில் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. இரண்டங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள், காயில் இறங்குவதற்கு முன். பாகல் பிஞ்சுக்குக் கடதாசிப் பை மாட்டினால் பழ ஈ தொடாது. குருத்தில் மொய்த்துச் சாறுறிஞ்சும் அழுக்கணவனுக்கு வேப்பங்கொட்டை: 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். பெரிய நத்தையை வெறுங்கையால் எடுக்க வேண்டாம், அது நோய்க்கிருமி சுமக்கும்.

நாலுகாலிகள்தான் பெரிய தொல்லை. உங்கள் பக்கம் கட்டாக்காலி மாடுகள். படலையைத் தாழிடாமல் விட்ட ஒரே இரவு போதும். நான் நகரத்துக்குள் இருப்பதால் எனக்கு மான்கள். பிரட்றிக் கோட்டையிலிருந்து புறப்பட்டு வீதியோரமாக நடந்து வந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு நின்று, வெளியூர்க்காரர் படமெடுக்க முகம் கொடுத்துவிட்டு, இரவில் என் செவ்வரத்தைக் குருத்தைத் தின்னும். சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, கல்லெறியவும் மனம் வராது. அவற்றைத் தடுக்கப் பழைய மீன்வலையைத் தொங்கவிடாதீர்கள். கொம்பு சிக்கினால் விடிய விடிய இழுத்துத் துடிக்கும். அப்படி ஒன்றை நாங்கள் மூன்று பேர் சாக்குப் போட்டுக் கண்ணை மூடி அறுத்துவிட்டிருக்கிறோம். வலை போடுவதென்றால் கதியாலோடு இழுத்து இறுக்கிக் கட்டுங்கள், தொய்வு இருக்கக் கூடாது.

ஆகவே இந்தச் சனிக்கிழமை குழி, அடுத்த வாரம் பீலி, பிறகு மேற்கு வேலி. கதியாலுக்கு அலைய வேண்டாம். ஐப்பசியில் நான் எப்படியும் என் வேலியைத் தறிப்பேன். பூவரசில் ஒரு கட்டும் கிளிசரியாவில் ஒரு கட்டும் உங்களுக்கென்று நிழலில் சாத்தி வைக்கிறேன். வரும்போது காலியான தயிர்ச் சட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், எனக்கு இன்னும் நான்கு வேண்டும்.